அண்ணன் பேரில் இருபத்துமூன்று நாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இறந்துபோன என் அண்ணன் பேரில், அவர் போனிலிருந்து, அவருடைய மகளுக்கு இருபத்துமூன்று நாள் நான் மெசேஜ் அனுப்பினேன். பத்திரிகைகளில் என் கதைகள் பதினொன்று வந்திருக்கின்றன. அதையெல்லாம் யாராவது வாசித்தார்களா, தெரியாது. இதை மட்டும் ஒருத்தி ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள், நம்பினாள்.

(என் பேர் செல்லச்சாமி. தென்காசியில் ஜெராக்ஸ் கடை. கதை எழுதுகிறவன் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால் வந்த வினைதான் இவ்வளவும்.)

2

தொடக்கம் சரியாக அமையமாட்டேன் என்கிறது.

"சாரல் பெய்துகொண்டிருந்த ஜூன் மாதக் காலையொன்றில் குற்றாலம்" – வேண்டாம். குற்றாலம் என்றதும் சாரலில்தான் ஆரம்பிப்பேன் என்றால் நான் எதற்கு, டூரிஸ்ட் வேன் டிரைவர் போதுமே.

"முப்பிடாதி ஜெர்மனிக்கு விமானம் ஏறிய அன்று அவள் தகப்பன் கண்கலங்கி" – பச்சைப் பொய். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அண்ணன் கண்கலங்கவில்லை. "பாஸ்போர்ட் இருக்காட்டி?" என்று ஏழு தடவை கேட்டார். அவருக்கு அவ்வளவுதான் வரும்.

நேராகவே சொல்கிறேன். அண்ணன் சுடலைராஜ் போலீஸில் எஸ்.எஸ்.ஐ. சீசனுக்குச் சீசன் மெயின் அருவியில் டூட்டி. வருஷக்கணக்காக அந்த இரைச்சலில் நின்று காது மந்தமாகிவிட்டது, போனில் பேச்சு கேட்காது. அதனால் அப்பாவும் மகளும் எதுவானாலும் மெசேஜில்தான். முப்பிடாதி ஒரே மகள், நர்ஸிங் மூன்றாம் வருஷம். ஜெர்மன் படித்துப் பரீட்சைகூட எழுதிவிட்டாள். பேசச் சொன்னால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். பேச்சு பழகட்டும் என்று காலேஜில் மூன்று மாதப் பயிற்சிக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். பெரியவர்களைக் குளிப்பாட்டணும், சோறூட்டணும், அவர்களோடு பேசணும். கடைசியில் வாய்மொழித் தேர்வு. தேறினால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை.

3

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஜூன் ஒன்பதாம் தேதி, அண்ணன் ஏதோ ஃபாரம் ஜெராக்ஸ் கேட்டாரென்று அருவிக்குக் கொண்டுபோயிருந்தேன். காலை பதினோரு மணி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சரிந்துவிட்டார். நாலு பேர் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், நானும் ஏறினேன். தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

[ஆம்புலன்ஸுக்குள் நடந்த ஒன்றை இங்கே விட்டுவிட்டேன். பிறகு எழுதுகிறேன். எழுதுவேனா, பார்ப்போம்.]

இலத்தூர் வீட்டில் அண்ணனைக் கிடத்தியிருக்கும்போதே அந்தப் பேச்சு வந்துவிட்டது. பிள்ளைக்குச் சொல்வதா வேண்டாமா? எங்கள் பக்கம் தூரத்தில் இருப்பவர்களிடம் சாவைச் சாவு என்று சொல்லமாட்டோம். "மேலுக்குச் சொகமில்ல, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்போம், கேட்கிறவருக்கும் புரிந்துவிடும். அதைக்கூடச் சொல்ல வேண்டாம் என்றார் மதினியின் அண்ணன் பரமசிவன்.

"சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துருவா. போன உசுரு திரும்பியா வரப்போவுது? மச்சான் ஆசையே இந்தப் பரீட்சதான? முடிச்சிட்டு வரட்டும்."

"எம்பிள்ள அப்பன் மொகத்தப் பாக்க வேண்டாமாண்ணே?" என்றாள் மதினி ஜெயசித்ரா.

வெகுநேரம் அழுதுவிட்டு மதினியே என்னைப் பார்த்தாள். "தம்பி, நீங்க கதை எழுதுதவங்கல்லா. அவுக எழுதுத மாதிரி நீங்களே எழுதுங்க."

துட்டி கேட்க வந்தவர்களை ஒவ்வொருத்தராகக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டோம்: ஸ்டேட்டஸ் வைக்காதீங்க, போட்டோ போடாதீங்க, பிள்ளை பார்த்துரும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கூட ஒட்டவில்லை. கொள்ளி நான் வைத்தேன். முந்நூறு பேர் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றினோம், அத்தனை பேருக்கும் அவள்மேல் பாசம்.

4

"சாப்டியா." "மழையில நனையாத." "இன்னைக்கு அருவியில நல்ல கூட்டம்."

அண்ணன் நடை லேசான நடை. இரண்டு நாளில் கை பழகிவிட்டது. நாலாம் நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஒளித்தால் கதையே நாறிப்போகும், அதனால் இன்னொரு தடவை எழுதுகிறேன்: அண்ணன் எரிந்து நாலாம் நாள், அவர் மாதிரியே எழுத வருகிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

* அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: மதினியோடு ஞாயிறுதோறும் வீடியோ கால் உண்டு. பதினாறாம் நாள் காரியத்தில் தாலியை இறக்கினார்கள். அதற்கடுத்த ஞாயிறு மதினி ஸ்டிக்கர் பொட்டு வைத்து, பூ வைத்து, மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள். "அப்பா டூட்டிக்குப் போயிருக்காவ, நீ சாப்டியாட்டி?" கால் முடிந்ததும் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அடிக்குறிப்பில் அடங்கவில்லை, இங்கேயே கிடக்கட்டும்.

பன்னிரண்டாம் நாள் முப்பிடாதி எழுதினாள்: "அப்பா, இங்க காலையில வேலைக்கு வந்ததும் மொத விஷயமா யாரு இறந்துட்டாங்கன்னு பேரோட சொல்லிருவாங்க. இன்னைக்கு நான் பாத்துக்கிட்ட தாத்தா. நேரா சொன்னாங்க, அழுதேன், அவருக்கு நானே சட்டை மாத்திவிட்டேன். மனசு ஆறிட்டுப்பா. நம்ம ஊர்ல மட்டும் ஏம்ப்பா சுத்தி வளைக்கோம்?"

நான் அடித்து அழித்தவை:

"அது வந்து மக்கா"

"நம்ம ஆளுகளுக்கு மனசு"

"முப்பிடாதி, நான் சித்த"

கடைசியில் "சாப்டியா" என்று அனுப்பினேன். அண்ணனும் அதைத்தான் அனுப்பியிருப்பார். எழுத்தாளனாக அன்று நான் சரியாக எழுதினேன். சித்தப்பனாக

5

முப்பிடாதி இந்தக் கதைக்குள் எனக்குப் பிடிபடவில்லை. அலறி அழுவதாக எழுதிப் பார்த்தேன், என் சட்டையைப் பிடித்து உலுக்குவதாக எழுதிப் பார்த்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

பரீட்சை முடிந்து வந்தவளைக் கூட்டிவர நான்தான் காரெடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் போனேன். வழியெல்லாம் பரீட்சைக் கதைதான். "ஒரு எடத்துலகூடத் திக்கல சித்தப்பா. பரீட்ச வச்ச அம்மாவே கைகுடுத்தாவ. அப்பாட்ட நேர்ல சொல்லணும்னு இன்னும் சொல்லல." செங்கோட்டை வருவதற்குள் சொல்லியாக வேண்டும். ஆரியங்காவில் வண்டியை ஓரங்கட்டி, "மேலுக்கு" என்று ஆரம்பித்தேன், முடியவில்லை. "அப்பா செத்துட்டாருட்டி" என்றேன்.

"என்னைக்கு?"

தேதியைச் சொன்னேன். அவள் போனை எடுத்து மெசேஜ்களை மேலே தள்ளிக்கொண்டே போனாள். அழுகை வரவில்லை. வீட்டில் மதினியின் வெறும் நெற்றியைப் பார்த்த பிறகுதான் வந்தது. மூன்று நாள் நிற்கவில்லை.

நாலாம் நாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மறுநாள்லேர்ந்து வந்ததெல்லாம் நீங்க. அத பூரா அழிச்சிட்டேன். ஒம்பதாந்தேதி எனக்கு காலையில ஏழே முக்காலுக்கு ஒண்ணு வந்துச்சு. இங்கன அப்போ பதினொண்ணே கால். அது மட்டும் அப்பாதான?"

போனை நீட்டினாள். "வராத மக்கா. நீ தோத்துட்டு வர்ற பிள்ள இல்ல. ஒன்ன நெனச்சா அப்பாவுக்குப் பெருமையா இருக்கு."

"எங்கப்பா எங்கிட்ட பெருமைன்னு ஒரு வார்த்தை சொன்னதே இல்ல சித்தப்பா. இத வச்சுத்தான் அங்கன கெடந்தேன். அந்நேரம் அப்பா உசுரோடதான இருந்தாங்க?"

தலையாட்டினேன். உயிரோடுதான் இருந்தார், மூச்சு இருந்தது. நான் ஆட்டிய தலையில் பொய்யில்லை. கதைக்காரனுக்கு இது கைவந்த கலை, தூ.

6

ஆம்புலன்ஸ்.

அண்ணன் கையிலிருந்து விழுந்த போன் என் மடியில் இருந்தது. மகள் கேட்டிருந்தது திரையில் திறந்தே கிடந்தது: "முடியலப்பா. அவங்க பேசுறது புரியுது, எனக்கு பதில் வரல. வந்துரட்டுமா?" அதற்குக் கீழே அண்ணன் அடித்து முடித்து, அனுப்பாமல் நின்ற வரி:

"வந்துரு மக்கா, அப்பா இருக்கேன்"

அதற்குள் அவளிடமிருந்து இன்னொன்று: "சொல்லுப்பா, டிக்கெட் மாத்தணும்."

அண்ணன் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எழுந்து உட்காரும்போது பிள்ளை பாதியில் திரும்பி வந்து நின்றால் மனசு விட்டுவிடுவார் என்றும் நினைத்தேன். இதெல்லாம் உண்மை. ஆனால் அண்ணன் வரி எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. இப்படியா ஒரு தகப்பன் எழுதுவான், தைரியம் சொல்ல வேண்டாமா என்று பட்டது. அழித்தேன். நல்லதாக ஒன்று எழுதி அனுப்பினேன்.

அன்றைக்கே கிளம்பியிருப்பாள். மறுநாள் வந்து சேர்ந்திருப்பாள். ஐஸ் பெட்டி ஒன்று சொல்லியிருந்தால் போதும், அப்பன் முகத்தைப் பார்த்திருப்பாள்.

7

முடிவு அ: "ஆமாட்டி, அப்பாதான் அனுப்புனாரு" என்கிறேன். அந்த வரியை வைத்துக்கொண்டு அவள் ஆயுசுக்கும் பிழைப்பாள். அண்ணன் கடைசியாக அவளுக்குச் சொன்னது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

முடிவு ஆ: எல்லாவற்றையும் சொல்கிறேன். "அப்பா இருக்கேன்" அவள் கைக்குப் போய்ச் சேரும். அந்த நிமிஷமே பெருமை போய்விடும், முகம் பார்க்காமல் போனது என் கையால் என்பதும் தெரிந்துவிடும்.

முடிவு இ: காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று ஒரு பத்தி எழுதி, அருவியைக் காட்டி, முடித்துக்கொள்வது. (எழுதிவிட்டேன். கிழித்துவிட்டேன்.)

தினமும் கடைக்கு வந்துவிடுகிறாள். அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று தெரியும். "முடிச்சதும் மொத ஆளா எனக்குக் குடுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறாள். இப்போதும் எதிரே ஸ்டூலில்தான் இருக்கிறாள்.

"முடிஞ்சிட்டா சித்தப்பா?"

"இன்னும் இல்லட்டி."

அ, ஆ, எதுவானாலும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இனிமேல் யார் பேரிலும் எழுத வராது. ஆனால் எடுத்தவர்கள் கடைக்கு வரணும். அவள் முகத்தைப் பார்த்து நீங்கள்தான் சொல்லணும்.