பெரியவருக்கு ஒரு வலை

துபாய் ஜெபல் அலியில் எங்கள் பிளாஸ்டிக் குழாய் கம்பெனியின் வரவேற்பறைக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. குழாய் செய்கிற இடத்தில் குளம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. முதலாளிக்குப் பிடித்திருந்தது, எங்களுக்கும் உடனே பிடித்துப்போனது. கறுப்புக் கிரானைட் விளிம்பு, இடுப்பளவுத் தண்ணீர், மேலே கண்ணாடிக் கூரை. அத்தனை தண்ணீருக்கும் ஒரே ஒரு மீன். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள் போட்ட ஜப்பான் கெண்டை. இரண்டு கையாலும் ஏந்தினால்தான் உண்டு, அப்படி ஒரு பருமன். முதலாளி காலையில் வந்ததும் எங்களுக்கு முன்னால் அதற்குத்தான் சலாம் சொல்வார். அதனால் லேபர்கள் அதைப் 'பெரியவர்' என்றார்கள். கம்பெனியில் சம்பள உயர்வு கேட்காத ஒரே ஆள் அதுதான்.

பெரியவரைக் கவனிக்கிற டூட்டி வீரபாண்டிக்கு. முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். கனகாவைக் கட்டி இருபத்து மூன்றாம் நாள் விமானம் ஏறியவன். இரண்டு வருஷம் முடிந்து, லீவு இரண்டு தடவை தள்ளிப்போய், இப்போது ஜனவரி கடைசி வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. பாஸ்போர்ட் மட்டும் அட்மின் அலமாரியில். லீவுத் தாளில் கையெழுத்து விழுந்தால்தான் அலமாரி திறக்கும்.

சரியாக அந்த வாரம் பார்த்துக் குளத்தில் விரிசல் விட்டது. தண்ணீரை இறைத்துப் பூச வேண்டும். அதுவரை பெரியவர் பின்பக்கக் கோடவுனில் ஒரு ஃபைபர் தொட்டியில் இருக்க வேண்டும்.

அட்மின் மேனேஜர் ஜெயமணி உடனே ஒரு குழு அமைத்தார். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே நான்கு வரி இருக்கும். நான்காவது வரி 'சிந்தனையாளர்'. அவர் சிந்தித்து நான் பார்த்ததில்லை. ஆனால் சிந்திப்பவர்கள் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்காருவார். மீன் இடமாற்றக் குழுவுக்குத் தலைவர் அவர். ஸ்டோர் கீப்பரான நான் உறுப்பினர். தண்ணீரில் இறங்கப்போகிற வீரபாண்டி குழுவில் இல்லை. அவனை வாசலுக்குக் கூப்பிட்டு ஜெயமணி சொன்னார்.

"மீன் உயிரோட அந்தத் தொட்டிக்குப் போகட்டும். அன்னைக்கே உன் தாள்ல கையெழுத்துப் போடறேன்."

"போகலைன்னா சார்?"

"போகலைன்னா எனக்கே இங்க வேலை இருக்குமான்னு தெரியல. நீ லீவைப் பத்திப் பேசற."

வெளியே வந்ததும் வீரபாண்டி என்னிடம் குசுகுசுத்தான். "அண்ணே, எங்க ஊர்க் கண்மாயில மீன் புடிச்சிருக்கேன். ஆனா குழம்புக்குத்தான் புடிச்சிருக்கேன். உசுரோட எடுத்து உசுரோட விடுறதெல்லாம் எங்க பரம்பரையில கிடையாது."

அன்றைக்கே இருவரும் தேராவுக்குப் போனோம். மீன் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் மீராசா பாயின் தூண்டில் சாமான் கடை. கீழக்கரைக்காரர். கடை முழுக்கக் கொக்கிகளும் நைலான் சுருள்களும் தொங்கின. நடுவில் அவர், தான் ஒருவர் மட்டும் மாட்டிக்கொள்ளாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"எம்புட்டு நீளம் தம்பி?"

வீரபாண்டி கையை விரித்துக் காட்டினான்.

"மீனு நீளம் கேட்டா எந்த ஆம்பளையும் உண்மை சொன்னதில்ல. கொஞ்சம் குறைச்சுக்க."

வீரபாண்டி குறைக்கவில்லை. பாய் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"சரி. நிசம்தான் போல. கறிக்கா?"

"இல்ல பாய். ஜப்பான் கெண்டை. உசுரோட வேற தொட்டிக்கு மாத்தணும்."

"அப்ப தப்பான கடைக்கு வந்துட்ட. நான் விக்கிறதெல்லாம் மௌத்தாப் போற மீனுக்கு."

ஆனாலும் இறக்கிக் காட்டினார். முதலாவது, பளபளவென்று ஸ்டீல் வளையம், நைலான் முடிச்சு வலை. "ஹமூர் மாதிரிக் கடல் மீனுக்கு நல்லது. இது நன்னீர் மீனு. உடம்பு மேல இருக்கிற வழுவழுப்புத்தான் அதுக்குச் சட்டை. முடிச்சு உரசினாச் சட்டை கிழியும், அப்புறம் புண்ணு." இரண்டாவது, ரப்பர் வலை, முடிச்சே இல்லை, ஆனால் வாய் சிறியது. "இதுல போட்டா மீனு ரெண்டா மடியும். முதுகெலும்பு போயிரும்." மூன்றாவதை எடுக்க ஏணி போட்டார். ஒரு வெள்ளைக்காரர் ஆர்டர் கொடுத்துவிட்டு, அது வருவதற்குள் ஊருக்குப் போய்விட்டாராம். முக்கோண வாய், நீளமான இரண்டு கை, பின்னால் பிடிக்க ஒரு கம்பு, முனைக்கு முனை ஒரு கயிறு, தவிட்டுப் பச்சையில் பட்டுமாதிரி முடிச்சில்லாத ஆழமான வலை. வீரபாண்டி அதற்குள் கையை விட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுதான் அண்ணே."

"இதேதான். ஆனா ஒண்ணு," என்றார் பாய். "கம்பைப் புடிச்சு மேல தூக்கக் கூடாது. தண்ணிக்குள்ளயே மீனை உள்ள வர விட்டு, வாயைப் புடிச்சு ரெண்டு ஆளாத் தூக்கணும்."

ஒரு வலையைத் தேர்ந்தெடுப்பது இவ்வளவுதான். கம்பெனிக்காக ஒரு வலையைத் தேர்ந்தெடுப்பது வேறு. மூன்று கொட்டேஷன் வேண்டும். உலகத்தில் ஒரே ஆள் விற்கிற பொருளானாலும் மூன்று பேர் விற்றாக வேண்டும். மீராசா பாய்க்கு இது புதிதில்லை. பெருமூச்சுக்கூட விடாமல் மேஜை டிராயரைத் திறந்தார். தன் கடையின் தாளில் ஒன்று எழுதினார், மலிவாக. ஷார்ஜாவில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற தம்பியின் தாளில் ஒன்று, ஏகப்பட்ட விலைக்கு. பக்கத்துக் கதவில் மனைவி நடத்துகிற 'ஹஃபீஸா லேடீஸ் டெய்லரிங்' தாளில் ஒன்று, நடுத்தரமாக. கையெழுத்தை மட்டும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி சாய்த்துக்கொண்டார்.

ஜெயமணி மூன்றையும் பரப்பி வைத்துச் சிந்திக்கிற வாக்கில் உட்கார்ந்தார். மலிவானதை எடுக்கப்போகிறார், கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் நிமிர்ந்து, "குறைஞ்ச விலைன்னா தரத்துல சந்தேகம் வருது. கூடின விலை வீண் செலவு. நடுநிலைதான் நிர்வாகம்" என்று சொல்லி லேடீஸ் டெய்லரிங்குக்கு ஆர்டர் போட்டார். தையல்கடை எதற்கு வலை விற்கிறது என்று அவர் கேட்கவில்லை. தாளின் தலைப்பைப் படித்திருந்தால் கேட்டிருக்கலாம்.

ஆர்டரோடு போனபோது பாய் சிரித்துவிட்டு முக்கோண வலையை எடுத்துக் கட்டப்போனார். அவர் மனைவி ஹஃபீஸா கழுத்தில் அளவு நாடா தொங்கப் பக்கத்துக் கதவில் வந்து நின்றார்.

"ஏங்க, என் பேருலயா பில்லு?"

"சும்மா தாளுதான் புள்ள."

"என் பேருல போற சாமான் என் கை படாமப் போகக் கூடாது. என்னா மீனு தம்பி? அளவு என்னா?"

வீரபாண்டி மறுபடி கையை விரித்தான்.

"கையெல்லாம் அளவா? நான் கண்ணால பார்த்து ஒரு உள்பாவாடைகூடத் தச்சதில்ல." நாடாவைக் கழற்றி அவன் தோளில் போட்டார். "நீளம், நெஞ்சுச் சுத்து, வாலு பக்கம் சுத்து. மூணும் வேணும். நீங்க வலையில தூக்கப் போறீங்களாக்கும். வலையில தூக்குனா தண்ணி எல்லாம் ஒழுகி மீனு அம்மணமா நிக்கும். நான் ஒரு நீளப் பை தச்சுத் தாறேன், ரெண்டு பக்கமும் சுருக்கு. வலையால ஓரமாக் கொண்டாங்க, பையில ஏந்துங்க."

மீராசா பாய் எங்களைப் பார்த்து, "வாங்கிட்டுப் போங்கப்பா. இல்லாட்டி எனக்கு ராத்திரிச் சோறு கிடையாது" என்றார்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் வீரபாண்டி குளத்தில் இறங்கினான். கூரைக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் தண்ணீரில் உடைந்து, சுவரிலும் விட்டத்திலும் நெளிந்துகொண்டிருந்தது. கட்டடமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோலவும் ரிசப்ஷன் மேஜையும் ஃபோனும் எப்போதோ மூழ்கிப்போன சாமான்கள்போலவும் இருந்தது. அவன் முழங்கை மடிப்பில் பெரியவர் மெதுவாக வந்து சாய்ந்தார். கண்ணை மூடாமல் தூங்குகிற ஜீவன். அது தூங்கியதா, அவனை அளந்ததா, தெரியவில்லை.

"முப்பத்தி நாலு இஞ்சு அண்ணே. எழுதிக்கங்க."

எழுதினேன்.

"நெஞ்சு இருபத்தி ரெண்டு. மூச்சு விட்டா இருபத்தி ரெண்டரை."

அதையும் எழுதினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பொறுப்பாக நான் எதையும் எழுதியதில்லை.

"நேத்து ஒரு கனவு," என்றான், நாடாவை வாலடியில் சுற்றிக்கொண்டே. "பிளேன்ல போறேன். பக்கத்து சீட்டுல இவரு. ஜன்னல் சீட்டு அவருக்குத்தான். கீழ மேகமாக் கெடக்கு. எட்டி எட்டிப் பாத்துட்டு, இவ்வளவு தண்ணி இருக்கே, ஏன் என்னைய உள்ள வச்சிருக்கீங்கன்னு கேக்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

"பெல்ட்டு போடுங்கன்னேன்."

அளவு ஹஃபீஸாவிடம் போய், பையும் தைத்து வந்துவிட்டது. புதன்கிழமை காலை ஜெபல் அலியையே காணோம். அப்படி ஒரு மூடுபனி. துறைமுகத்துக் கிரேன்கள், எதிர்க் கம்பெனி, எங்கள் கேட், எதுவும் இல்லை. ஹாரன்கள் மட்டும் எங்கிருந்தோ வந்தன. முதலாளியின் கார் வழியில் எங்கோ நின்றுவிட்டது. ஜெயமணி கோட்டு, டை, புது ஷூவோடு வந்திருந்தார். போட்டோ எடுக்க அக்கவுண்ட்ஸ் பையன் ஒருவன் கேமராவோடு. முதலாளி வராவிட்டால் என்ன, போட்டோ வந்தால் போதும்.

வீரபாண்டி தண்ணீருக்குள் வலையைச் சாய்த்துப் பிடித்தான். பெரியவர் கட்டாயம் எதுவும் இல்லாமல், தன் வீட்டு வாசல்படி ஏறுவதுபோல, தானாக உள்ளே வந்தார். அவ்வளவுதான் வேலை. அப்போது ஜெயமணி கிரானைட் விளிம்பில் ஏறினார்.

"கம்பை இங்க குடு. நான் தூக்கறேன். போட்டோவுக்கு."

"சார், கம்பப் புடிச்சுத் தூக்கக் கூடாது. முறிஞ்சிரும். பைக்குள்ள போகட்டும், அப்புறம்..."

"எனக்கா சொல்லித் தர்ற? இந்தப் பக்கம் பாருப்பா, கேமரா."

தூக்கினார். கம்பு வில்லாக வளைந்தது. முக்கோணத்தின் ஒரு கை மூட்டிலிருந்து கழன்று தெறித்தது. வலை ஒரு பக்கமாகச் சரிய, பெரியவர் பாதி வலையிலும் பாதி கிரானைட்டிலுமாக விழுந்து துள்ளினார். வால் ஜெயமணியின் நெஞ்சில் அறைந்தது. சிந்தனையாளர் உட்கார்ந்த வாக்கிலேயே குளத்துக்குள் போனார். அக்கவுண்ட்ஸ் பையன் அதை மட்டும் தெளிவாக எடுத்திருந்தான்.

வீரபாண்டி கத்தவில்லை. மீனின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தண்ணீருக்குள் இறக்கி, "அண்ணே, பை" என்றான். நான் எப்போது குளத்தில் இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. பேன்ட் நனைந்தபோதுதான் தெரிந்தது. பையின் வாயை விரித்தேன். தலை, நெஞ்சு, வால். ஹஃபீஸா தைத்த அளவு எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொளதொளக்கவில்லை. சுருக்கை இழுத்தோம். தண்ணீரோடு சேர்த்து ஏந்திக்கொண்டு வெளியே நடந்தோம்.

பனிக்குள் நூற்றைம்பது தப்படி. எனக்கு முன்னால் வீரபாண்டியின் முதுகு மட்டும் இருந்தது. பை, திரைச்சீலை வெட்டில் மிஞ்சிய வெள்ளைத் துணி; உள்ளே ஆரஞ்சுத் திட்டுகள் யாரோ தூரத்தில் தூக்கிப் போகிற விளக்குபோல மங்கித் தெரிந்தன. தரை தெரியவில்லை. காலடிச் சத்தம் கேட்கவில்லை. எங்கள் கைகளில் ஏதோ ஒன்று ஒரு தடவை மூச்சு விட்டது. பிறகு விடவில்லை.

தொட்டியில் சுருக்கை அவிழ்த்ததும் பெரியவர் பக்கவாட்டில் சரிந்தார். வெள்ளை வயிறு மேலே.

வீரபாண்டி தொட்டிக்குள் இறங்கி அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். முன்னும் பின்னும் மெல்ல அசைத்தான். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கனகாவிடம் பேசுகிறானா, மீனிடமா என்று நான் கேட்கவில்லை. நாளை இந்நேரம் அவன் ஏர்போர்ட்டில் இருப்பானா, இங்கேயே மூன்றாவது வருஷத்தில் இருப்பானா என்பது அந்தச் செவுளில் இருந்தது. பனி கோடவுன் கதவு வழியாக உள்ளே வந்து எங்கள் மேல் படிந்தது.

ஜெயமணி சொட்டச் சொட்ட வந்தார்.

"செத்துருச்சா?"

செவுள் திறந்தது. மூடியது. நெடுநேரம் கழித்து மறுபடி திறந்தது. பிறகு பெரியவர் உடம்பை ஒரு தரம் உதறி, அவன் கையைத் தள்ளிவிட்டு, தொட்டியின் மூலைக்குப் போய் நின்றார்.

ஜெயமணியின் ஃபோன் அடித்தது. குளத்தில் விழுந்தும் வேலை செய்த ஒரே பொருள். முதலாளி. "யெஸ் சார். சக்ஸஸ் சார். நானே தண்ணில இறங்கிட்டேன் சார்" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே நான் சட்டைப் பையிலிருந்த லீவுத் தாளை அவர் முன்னால் நீட்டினேன். அவருடைய பேனா ஈரத்தில் எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன். முதலாளியின் காதுக்குள் அடுத்த திட்டத்தை விளக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு, பனிக்குள் போனார்.

"கையெழுத்து விழுந்துருச்சு வீரபாண்டி. பாரு."

"கை ஈரமா இருக்கு. நீங்களே வச்சிருங்க அண்ணே." அவன் தொட்டியை விட்டு ஏறவில்லை. "அறுபது நாளு லீவு. யாரு இவருக்குத் தீனி போடுறது?"

"யாராவது போடுவாங்க."

"யாராவது போட்டாத் தின்ன மாட்டாரு. கை பழகணும். ஏற்கெனவேதான் நனைஞ்சுட்டீங்களே, இறங்குங்க."

எனக்கு நாற்பத்தெட்டு வயது, கொஞ்சம் சர்க்கரை, ஸ்டோரில் எழுதாத ரிஜிஸ்டர் மூன்று. இறங்கினேன். தண்ணீர் பனியைவிட வெதுவெதுப்பாக இருந்தது.

"கையை விரிச்சு வையுங்க. அசைக்காதீங்க. கூப்பிடாதீங்க."

ஐந்து நிமிஷமோ அரை மணியோ. வெளியே ஒரு கப்பல் நீளமாக ஊதியது. என் உள்ளங்கையில் பல்லில்லாத ஒரு வாய் வந்து முட்டியது, தடவிப் பார்த்தது, போய்விட்டு மறுபடி வந்தது.

"ம்," என்றான் வீரபாண்டி. தொட்டியை விட்டு ஏறி, சட்டையைப் பிழியத் தொடங்கினான்.