கடைசி ஆளுக்கு முதல் சீட்டு

நகராட்சித் தலைவர் என்பவர் நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கிறவர், கண்ணுகளா. பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் எழுப்பியும் விடலாம். அவருக்குக் கீழே வேலை பார்க்கிற அலுவலர் அப்படியல்ல. பரீட்சை எழுதி வந்தவர். எந்தத் தலைவர் வந்தாலும் போனாலும் அவர் வேலை போகாது; வேறு ஆபீசுக்கு வேண்டுமானால் மாற்றலாம். இது தெரிந்தால்தான் பூட்டக்கா அன்றைக்கு ஏன் அப்படி நின்றாள் என்பது புரியும்.

பூட்டக்கா நகராட்சியில் குடிநீர்ப் பிரிவு எழுத்தர். சாயங்காலம் மேசை டிராயரைப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அதனால் அந்தப் பெயர். அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தார். மத்தியானம் ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வரலாம் என்கிற தூரத்தில் வீடு இருந்தது பெரிய புண்ணியம்.

தேர்தலன்று அவளைப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலராகப் போட்டார்கள். நேரம் முடியும்போது கேட்டுக்குள் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் ஓட்டு உண்டு. அவர்களுக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும், அதுவும் வாலிலிருந்து. கடைசி ஆளுக்கு ஒன்றாம் நம்பர். தலையிலிருந்து ஆரம்பித்தால், கொடுத்து முடிப்பதற்குள் வால் வளர்ந்துவிடுமே!

மணி அடித்தது. அப்போதுதான் மூச்சிரைக்க வந்து நின்ற இஸ்திரிக்காரி கையில் முதல் சீட்டு விழுந்தது.

"அப்ப நான்தானே முதல்ல போகணும்?" என்று அவள் விறுவிறுவென்று முன்னே நடக்க, வரிசையே கத்தியது.

"அடியே, ஒண்ணாம் நம்பர்னா வாலு! பின்னால போ!"

"நம்பர் குடுத்தும் வாலுதானா?" என்று முனகிக்கொண்டே திரும்பினாள்.

பூட்டக்கா கேட்டைச் சாத்தவும் தலைவரின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. காலையிலிருந்து ஊரையெல்லாம் ஓட்டுப் போடக் கூப்பிட்ட மனுஷன், தன் ஓட்டை மறந்துபோயிருந்தார்.

"கேட்டைத் திறம்மா."

"நேரம் முடிஞ்சுதுங்க ஐயா."

"அந்தக் கடைசி ஆளோட சீட்டை வாங்கி என்கிட்ட குடு. ஒரு ஓட்டுதானே!"

"அது அந்தம்மாவோட ஓட்டுங்க."

"இந்தக் கட்டடத்தையே நான்தான் கட்டினேன், தெரியுமில்ல?"

இஸ்திரிக்காரி சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். "கட்டடம் நீங்க கட்டினதுதாண்ணே. வரிசை நாங்க கட்டினது."

சிரிப்பு வெடித்தது. தலைவர் முகம் சுண்டிப்போயிற்று. கம்பியருகே குனிந்து மெல்லச் சொன்னார்: "நாளைக்கும் நான்தான் தலைவர். ஆத்துக்கு அந்தப் பக்கம் கிளை ஆபீஸ் இருக்கு. ரெண்டு பஸ் மாறணும். யோசிச்சுக்க."

பூட்டக்காவுக்குப் படுக்கையில் கிடக்கிற புருஷன் நினைப்பு வந்தது. மத்தியானம் அவரை யார் புரட்டுவார்? ஆனாலும் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தாள்.

"ரெண்டு பஸ் கஷ்டம்தாங்க ஐயா. எப்படியோ போயிக்குவேன். சாத்தின கேட்டைத் திறக்கத்தான் எனக்கு அதிகாரம் இல்ல."

ஓட்டு எண்ணியபோது தலைவர் தோற்றுப்போனார். ஜெயித்து வந்த சைக்கிள் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, நம்ம பக்கம் நின்னுட்டீங்க! என்ன வேணும், கேளுங்க."

'இந்த ஆபீசிலேயே என்னை வைத்திருங்கள்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"நான் யார் பக்கமும் நிக்கலைங்க, கேட்டுப் பக்கம் நின்னேன். நீங்க லேட்டா வந்திருந்தாலும் சாத்தியிருப்பேன்."

அவர் சிரிப்பு அணைந்தது. அன்று சாயங்காலம் அவள் டிராயரை எத்தனை தரம் இழுத்துப் பார்த்தாளோ!

அடுத்த தேர்தலில் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே இரண்டு தலைவர்களும் வரிசையில் நின்றார்கள். முன்னால் பழையவர், பின்னால் புதியவர்.

"என்ன தம்பி, இவ்வளவு சீக்கிரமா?"

"பூட்டக்கா இன்னும் நம்ம ஆபீஸ்லதானே இருக்காங்க அண்ணே."

"நீ மாத்தியிருக்கலாமே?"

"மாத்திட்டா, நீங்க லேட்டா வந்தா யாரு கேட்டைச் சாத்துவாங்க?"