அக்டோபரில் ஒரு கரீஃப்

அம்மானில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. இருபத்தாறு வருடங்களாக அடுத்தவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடித்து வயிற்றைக் கழுவுகிறேன். எழுத்தின் தலையில் உட்கார வேண்டிய குறி காலடியில் விழுந்துகிடந்தால் அமைச்சரின் அறிக்கையையே நிறுத்திவைப்பேன். வீட்டிலும் அதே தொழில்தான். அங்கே சம்பளம் கிடையாது.

என் மனைவி சவ்சன் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் பல்லைக் குடையும் டிரில், இந்தப் பக்கம் தொலைபேசி. செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை, வெண்டைக்காயின் காம்பை நறுக்கிக்கொண்டே, அடுத்த மாதம் இர்பிதில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கப் போவதாகச் சொன்னாள். எத்தனை நாள் என்று கேட்டேன். போய்த்தான் தெரியும் என்றாள். நானும் வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

அக்கா ருக்கையா ஒரு நர்ஸ். என் நகைச்சுவை எதற்கும் இன்றுவரை சிரிக்காதவள். காரணமில்லாமல் யாரும் அந்த வீட்டில் போய்த் தங்க மாட்டார்கள். காரணம் நான்தான் என்று எனக்குப் பட்டது. நான் என்ன செய்தேன் என்பதுதான் விளங்கவில்லை. மகன் கைஸ் (அவனுடைய அப்பா என்பதால்தான் நான் அபூ கைஸ்) வெளிநாட்டுக்குப் படிக்கப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று, நான் வழக்கத்தைவிட அதிகமாகத்தான் பேசிக் கலகலப்பாக்கிக்கொண்டிருந்தேன்.

இர்பிதுக்கு முன்னால் நாம் இருவரும் ஒரு வாரம் எங்காவது போய்வரலாம் என்றேன். அங்கே அவள் மனது மாறிவிட்டால் இர்பித் தானாகக் கழன்றுவிடும் என்பது கணக்கு. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"கூச்சல் இல்லாத இடமா இருக்கணும், அபூ கைஸ். மழை பெஞ்சா ரொம்ப நல்லது."

மறுநாள் அலுவலகத்தில் ஒரு தாளின் நடுவே கோடு போட்டேன். வலப்பக்கம் ஆடம்பரமான ஊர்கள், இடப்பக்கம் அமைதியான ஊர்கள். துபாயில் எங்கள் வீட்டைவிடப் பெரிய மீன்தொட்டிக்கு எதிரே படுத்துத் தூங்கலாம். வாடகையைக் கேட்ட பிறகு தூக்கம் வராது. தோஹாவில் அங்காடிக்குள்ளேயே கால்வாய் ஓடுகிறது. இவள் கேட்டதோ வானத்துத் தண்ணீர். செங்கடலில் ஒரு தீவு விடுதி வெறும் அமைதியை மட்டுமே விற்கிறது. அங்கே ஒரு நாள் அமைதிக்குக் கேட்கும் பணத்தில் எங்கள் ஆசிரியரையே ஒரு மாதம் வாயடைத்துவைக்கலாம். ஆக, அந்தத் தீவு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் கோட்டின் மேலேயே எழுதினேன். அகபா பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் பாதி அம்மான் அங்கேதான் கால் நனைத்துக்கொண்டிருக்கும், அதில் மூன்று பேராவது சவ்சனின் அத்தைகளாக இருப்பார்கள். துனீசியாவில் தபர்கா, மீனும் பைன் மரமுமாக நல்ல ஊர். அவர்கள் பேசும் அரபியைத் திருத்தாமல் ஒரு வாரம் என்னால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று சந்தேகமாக இருந்தது.

கடைசியில் ஓமானின் தெற்கு மூலையில் சலாலா. கரீஃபில் சலாலா பச்சைப்பசேலென்று இருக்கும், பகலெல்லாம் சத்தமில்லாமல் தூறும் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். கரீஃப் என்றால் எங்களுக்கு இலையுதிர் காலம்: செப்டம்பர் கடைசியில் வரும், ஒலிவக்காய் பறிக்கும்போது முற்றும். நேராகப் பயண முகவரிடம் போனேன். மேசையில் லமீஸ் என்றொரு சின்னப் பெண். கரீஃபில் சலாலா, அக்டோபர் நடுவில், இரண்டு பேர் என்றேன்.

"கரீஃபா, அக்டோபரா, உஸ்தாத்?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அவள் இன்னும் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. பழம் பறிப்பதைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து கரீஃப் பிறந்த கதையைக் கால் மணி நேரம் விளக்கினேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அவள் பெருமூச்சோடு சீட்டைக் கொடுத்தாள். மலைமேல் ஒரு வீடு, வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தது. இவ்வளவு நல்ல பருவத்தைப் பற்றி அரபு உலகத்துக்கே தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

சலாலாவில் இறங்கியபோது எங்களிடம் இரண்டு குடைகள், இரண்டு மழைக்கோட்டுகள், சவ்சனுக்கு ஒரு ஜோடி ரப்பர் காலணி. வானத்தில் ஒரு மேகத் துணுக்குகூட இல்லை. நாங்கள் தங்கப்போகும் வீட்டின் உரிமையாளர் முஸல்லம் வண்டியோடு வந்திருந்தார், முப்பது வயதிருக்கும். குடைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மரியாதைக்காக ஒன்றும் கேட்கவில்லை. மலை ஏறும்போது இருபுறமும் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மழை எப்போது வரும் என்று நானே கேட்டுவிட்டேன்.

"ஜூன்ல வரும், சித்தப்பா."

"இது கரீஃப் இல்லியா?"

"கரீஃப் போன மாசமே போயிடுச்சே. இது ஸர்ப்."

இருபத்தாறு வருடத்தில் அந்தப் பருவத்தின் பெயரை நான் கேள்விப்பட்டதேயில்லை. முஸல்லம் பொறுமையாகச் சொன்னார். இவர்கள் கரீஃப் என்பது கோடைமழைக் காலத்தை. ஜூன் கடைசியில் மேகம் மலைமேல் வந்து உட்காரும், செப்டம்பரில் எழுந்து போய்விடும். அரபு உலகம் முழுக்க அப்போதுதான் இங்கே வந்து குவியும். அது போன பிறகு வருவது ஸர்ப், ஒட்டகங்கள் மறுபடி மலையேறும் காலம். ஒரே மொழி, ஒரே சொல். நான் எந்தப் பக்கத்தில் பிழைக்குறி போடுவது?

சவ்சன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அதே வேர்லேருந்து இன்னொரு சொல் இருக்கில்ல, உஸ்தாத்? கிழடாகிப் புத்தி தடுமாறுறதுக்கு."

இருக்கிறது. முஸல்லம் இருமுவதுபோல் சிரித்தார்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மலையில் வேறு யாருமே இல்லை. சுட்ட இறைச்சிக் கடைகளில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக் கயிறு கட்டியிருந்தார்கள். காற்றும் இல்லை. நான் காதால் அனுபவித்ததிலேயே பெரிய அமைதி அதுதான். என் செருப்பு தரையில் உரசுவதே அநாகரிகமாகக் கேட்டது. தப்புச் செய்தவன் அந்த மாதிரி இடத்தில் சும்மா இருக்க முடியுமா? ரப்பர் காலணியைப் பற்றி ஒரு நகைச்சுவை, ஒட்டகத்தைப் பற்றி இரண்டு. மறுநாள் காலை உணவின்போது லமீஸைப்போல நடித்துக்காட்டினேன். சவ்சன் ரொட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"அந்த டிரில்லக்கூட அஞ்சு மணிக்கு நிறுத்திடுறாங்க, அபூ கைஸ்."

சிரித்தேன். பாதியில்தான் அது நகைச்சுவை இல்லை என்று உறைத்தது. அவள் கேட்ட கூச்சல் இல்லாத இடம் எது என்றும் அப்போதுதான் புரிந்தது. அந்த இடத்துக்கு நான் என்னையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தேன். இர்பித் உறுதி என்று தோன்றியது.

வாயை மூடினேன். சாலையின் நடுவில் ஒட்டகம் ஒன்று படுத்துக்கொண்டு நான்கு வண்டிகளை நிறுத்திவைத்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. முஸல்லம் இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார், நன்றிகூடத் தலையசைப்பில்தான். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று அவர் சவ்சனிடம் விசாரித்தார். இப்படியே ஐந்து நாள் இருந்துவிட்டால் அவள் மனது இளகலாம் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் நான் அமைதியாக அமைதியாக அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது. அதுதான் என்னைக் குழப்பியது. பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு என்றால் இரண்டுக்கும் நடுவே மனிதன் இருமத்தான் முடியும்.

பிற்பகலில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் இரண்டு முறை எழுந்து உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். தண்ணீர் வீணாகிறதே என்று சொல்ல வந்ததை விழுங்கினேன்.

"இங்க ரொம்ப அமைதியா இருக்கு," என்றாள். "என்னால தாங்க முடியல."

காதுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தமாம், குளிர்காலத்திலிருந்தே. நிற்பதேயில்லையாம். சுற்றி அமைதி கூடக்கூட அதுவும் கூடுமாம். மழை மாதிரி மெல்லிய சத்தம் இருந்தால் அடங்கிப்போகும். கூச்சல் என்றால் வலிக்கும். வர வர அந்தக் காதில் தொலைபேசியே சரியாகக் கேட்பதில்லையாம். ருக்கையா தன் மருத்துவமனையில் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருக்கிறாளாம். அதற்குத்தான் இர்பித்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அதையும் ஜோக்காக்கிடுவீங்கன்னு பயந்தேன். பயமா இருக்கறப்ப ஜோக்குக்குச் சிரிக்கிறது கஷ்டம்."

நாக்கு நுனியில் உண்மையிலேயே ஒன்று தயாராக இருந்தது. அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

"எந்தக் காது?"

"இடது."

நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வலப்பக்கம் போட்டேன். நானும் இர்பிதுக்கு வருகிறேன் என்றேன். அக்காவைச் சிரிக்க வைக்க முயற்சி பண்ணக்கூடாது என்று நிபந்தனை போட்டாள். ஒப்புக்கொண்டேன்.

"இப்பப் பேசுங்க," என்றாள்.

"என்ன பேச?"

"எதாவது. மெதுவா. தூறுற மாதிரி."

எதிரே சரிவில் நின்ற ஒட்டகம் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தேன். பிறகு அதன் குட்டி என்ன செய்கிறது என்று. அதில் வேடிக்கை எதுவும் இல்லை. சவ்சன் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்கிறாளா, தூங்கிவிட்டாளா, தெரியவில்லை. நிறுத்தலாமா, கூடாதா? அதுவும் தெரியவில்லை. ஒட்டகங்கள் மேட்டைத் தாண்டி மறைந்த பிறகும் அவற்றைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன்.