தொண்ணூற்று நாலு மார்க் வாங்கிய வஹீது பாய்

சாஜிதா பேகத்தின் கைப்பேசிக்கு அந்த வாழ்த்துச் செய்தி வந்தபோது, அவளுடைய கணவர் அப்துல் வஹீது ஒரு டம்ளர் தண்ணீருக்காகக் கால் மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தார். முதலில் அவள் தலையணையைச் சரிசெய்தாள். பிறகு மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். பாத்ரூம் போகவேண்டுமோ என்று எழுப்பி உட்காரவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. வாய் மட்டும் கணீரென்று, "பரவாயில்லீங்க" என்றது.

கடைசியில் அவள் தற்செயலாகச் சொம்பைத் தூக்க, கண்ணாலேயே அதைப் பிடித்து இழுத்தார். அவர் குடித்து முடித்த பிறகுதான் செய்தியைப் படித்தாள்.

'வாழ்த்துகள்! தங்கள் கணவர் பேச்சுத்திறன் மதிப்பீட்டில் 100-க்கு 94 பெற்று இயல்பு நிலையை எட்டியுள்ளார். வரும் வாரம் முதல் அவருக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படாது. மூளையை அறிவோம், மக்களை உயர்த்துவோம்.' கீழே கைகால் முளைத்த மூளை ஒன்று பல்லைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தது.

"ரிஃபத்து, இங்க வா. உங்கத்தா பாஸாயிட்டாராம்."

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் புத்தகத்தோடு எட்டிப் பார்த்தாள். "எதுலம்மா?"

"பேசறதுல."

எட்டு மாதத்துக்கு முன்பு, கோட்டைமேட்டுத் தையல் கடையில் பேண்ட் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது வஹீது பாயின் கையிலிருந்து கத்திரி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலக்கை போனது, பேச்சு போனது. யார் என்ன சொன்னாலும் புரிந்தது; பதில்தான் வரவில்லை. கத்திரி, ஊசி, மகள் பெயர், மனைவி பெயர் எல்லாம் போன பிறகும் 'பரவாயில்லீங்க' என்ற ஒரே ஒரு சொல் மட்டும் காலிசெய்யாமல் தங்கிவிட்டது.

அது ஏன் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கரோலின்தான் விளக்கினாள். "யோசிச்சுப் பேசற பேச்சு ஒரு வழியா வருதுங்க்கா. வருஷக்கணக்கா சொல்லிப் பழகுன வார்த்தை தும்மல் மாதிரி, வேற வழியா தானா வந்துரும். அத அவரு சொல்றதில்லைங்க. அது வருது."

தானாக வருவதற்குக் காரணம் இருந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் வந்து, காலர் கோணல் என்று சட்டையை மேசையில் வீசியவர்களுக்கெல்லாம் முப்பது வருஷமாக அவர் சொன்ன பதில் அது. கோயமுத்தூரில் இதை யாரும் வியாதியாக நினைப்பதில்லை. இங்கே பைக் மோதிக் கீழே விழுந்தவர், எழுந்திருக்கும் முன்பே மோதியவரிடம் இதைத்தான் சொல்வார். எலும்பு முறிந்ததா என்பதை அப்புறம் ஆஸ்பத்திரியில் தெரிந்துகொள்வார்.

செவ்வாயும் சனியும் கரோலின் அவருக்கு ஒரே சொல்லைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். 'இல்ல.' இடக்கையால் தொடையில் இரண்டு தட்டு. முதல் தட்டுக்கு 'இ', அடுத்ததுக்கு 'ல்ல', பாட்டு மாதிரி இழுத்து. "இந்த ஒரு வார்த்தை வந்துட்டா, வேண்டாததையெல்லாம் இவரு தலையில கட்டறத நிறுத்துவீங்க பாருங்க" என்று சாஜிதாவைப் பார்த்துச் சிரிப்பாள். ஐந்து மாதத்தில் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் வேர்வையில் சட்டை நனைந்தது. இடையில் விட்டால் முளைத்தது கருகிவிடும் என்றும் அவள் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை சாஜிதா, கரோலின் வேலை பார்க்கும் மையத்துக்குப் போனாள். அறக்கட்டளை ஒன்று நடத்தும் இலவச மையம். வரவேற்பில் பலாப்பழம்போலப் பிளந்து காட்டும் பிளாஸ்டிக் மூளை ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மதிப்பீடு செய்த ஜெப்ரி, நாற்பது வயதுக்காரர், டேப்லெட்டைத் திறந்து பெருமையோடு காட்டினார்.

"இருவது கேள்விங்க அம்மணி. எல்லாத்துக்கும் டக்கு டக்குனு பதில் சொல்லிப்போட்டாருங்க."

"என்னன்னு சொன்னாருங்க?"

"பேரென்னங்கன்னு கேட்டனுங்க. பரவாயில்லீங்கன்னாரு. இன்னிக்கு என்ன கெழமைங்கன்னேன். பரவாயில்லீங்க. ஒண்ணுலருந்து பத்து வரைக்கும்..."

"பேரக் கேட்டா பரவாயில்லேங்கறாரு. உங்களுக்கு ஒண்ணுமே தோணலீங்களா?"

"தோணுச்சுங்க" என்றார் ஜெப்ரி நேர்மையாக. "ஆனா என்ன சொல்றாங்கன்னு நாங்க பாக்கக்கூடாதுங்க. குரல மட்டும் மெசினு கேக்கும். வேகம், தெளிவு, தன்மை. மரியாதைக்குத் தனியா பத்து மார்க்குங்க. உங்க ஊட்டுக்காரரு பத்துக்குப் பத்து."

இயக்குநர் சசிதரின் அறைக்குள் நுழைந்தபோது சாஜிதாவுக்குக் கோபம் தொண்டை வரை வந்திருந்தது. மேசைக்குக் காப்பி வந்தது.

"உக்காருங்க அம்மணி. சக்கரை போடலாமுங்களா?"

இந்த ஊரில் சண்டை போடுவதில் உள்ள கஷ்டமே இதுதான். சட்டையைப் பிடிக்கிற தூரத்துக்குப் போய்விட்டாலும் பேச்சில் 'ங்க' விடுபடக்கூடாது. சாஜிதா காப்பியைத் தொடாமல் கேட்டாள். "என்ன மெசினுங்க அது?"

"நம்ம சொந்த சாஃப்ட்வேருங்க. மொதல்ல பல்லடத்துல கோழிப்பண்ணைகளுக்காகப் பண்ணுனது. கோழி கத்தறத வெச்சே அதுக்கு என்ன மனக்கஷ்டம்னு சொல்லிரும். அத அப்படியே மக்கள் சேவைக்குக் கொண்டாந்துட்டமுங்க."

"எங்க ஊட்டுக்காரரு கோழிங்களா?"

"சேச்சே! அப்படியில்லீங்க. ஆனா பாருங்க, மூளைன்னா மூளைதானுங்களே."

அறுபது பேரில் நாற்பத்தொரு பேர் இயல்பாகிவிட்டார்கள் என்றார். இந்த வேகத்தில் போனால் வருகிற மாதம் கரோலின் மேடமே தேவைப்பட மாட்டார் என்றார். மறுமதிப்பீடு வேண்டுமானால் ஆறு மாதம் கழித்து மனுக் கொடுக்கலாம் என்றார். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார். பேச்சு வராதவரைப் பேச வைப்பதைவிட, பேசுகிறார் என்று எழுதிவிடுவது எவ்வளவு சுலபமான வைத்தியம் என்று சாஜிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னொண்ணுங்க அம்மணி. பொள்ளாச்சியில ரெண்டாவது மையம் தொறக்கறம். அதுக்குப் பண உதவி பண்றவங்க வியாழக்கெழம இங்க வாராங்க. உங்க ஊட்டுக்காரர மேடையில ரெண்டு வார்த்தை பேசச் சொல்லலாமுங்களா?"

"ரெண்டெல்லாம் வராதுங்க. ஒண்ணுதான் வரும்."

"ஒண்ணே போதுமுங்க!"

சாஜிதா காப்பி டம்ளரை ஓரமாக நகர்த்தினாள். "உங்க மெசினையும் மேடையில வெச்சிருங்க. எல்லாரும் மார்க்கப் பாக்கட்டும்."

சசிதருக்கு வந்த சந்தோஷத்தில் இன்னொரு காப்பி சொன்னார்.

விஷயம் கேட்டு ரிஃபத் குதித்தாள். "அத்தாவ மேடையில ஏத்தி வேடிக்கை காட்டப்போறயா? எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

அந்தப் பயம் சாஜிதாவுக்கும் இருந்தது. கணவர் எதிரே உட்கார்ந்து, வாழ்த்துச் செய்தியிலிருந்து மறுமதிப்பீட்டுக்கு ஆறு மாதம் என்றது வரை ஒன்று விடாமல் சொன்னாள். கோழி என்றதும் அவர் முகத்தின் இடப்பக்கம் சிரித்தது. பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்று இறுகியது.

"நாலு பேரு முன்னாடி உங்களக் கேள்வி கேக்கப்போறனுங்க. அசிங்கமா இருக்கும். வாரீங்கன்னா கையப் புடிங்க. வேண்டாம்னா வுட்டுருங்க."

பிடித்தார். அவளுடைய கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் விருந்தினர்கள், பின்வரிசைகளில் 'இயல்பான' நாற்பத்தொரு பேரும் அவர்களைக் கூட்டி வந்தவர்களும். மேடைத் திரையில் மார்க் விழுவதற்குக் காலியிடம். ஜெப்ரி மைக்கை நீட்டினார்.

"ஐயா, உங்க பேருங்க?"

"பரவாயில்லீங்க."

திரையில் பச்சை எழுத்தில் 94. கைதட்டல். பேரைச் சொல்லவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நானும் ஒண்ணு கேட்டுக்கறனுங்க" என்று சாஜிதா மைக்கை வாங்கினாள். "ஏனுங்க, நான் யாருங்க?"

"பரவாயில்லீங்க."

94.

"நமக்கு எத்தன குழந்தைங்க?"

"பரவாயில்லீங்க."

95. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சாஜிதா திரும்பவில்லை.

"எட்டு மாசமா உங்களால என் பேரச் சொல்ல முடிஞ்சுதுங்களா?"

"பரவாயில்லீங்க" என்றார் வஹீது பாய். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. மெஷின் அதற்கும் 95 போட்டது.

சிரிப்பு நின்றது. நாலாவது வரிசையில் பூவாத்தாள் என்ற அம்மாள், பக்கத்தில் தலை தொங்க உட்கார்ந்திருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தானுங்க! வயித்து வலின்னாலும் 'வாங்க, சாப்புடுங்க'ங்கறாரு. தொண்ணூத்தி ஏழு போட்டு ஊட்டுக்கு அனுப்பிப்போட்டீங்க!" அங்கங்கே ஆட்கள் எழுந்தார்கள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

சசிதர் சிரிப்பு மாறாமல் மேடையேறினார். இந்த ஊர்க்காரர்தானே, எந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. மைக்கை வாங்கி வஹீது பாயின் வாய்க்கருகே வைத்தார்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. நம்ம சேவையில உங்களுக்குத் திருப்திதானுங்களே?"

வஹீது பாயின் உதடுகள் 'ப'வுக்குக் குவிந்தன. அவர் உதடுகளை அப்படியே மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. இடக்கை மெல்ல எழுந்து தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். மண்டபத்தின் ஓரத்தில் நின்ற கரோலினின் கையும் தன்னையறியாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"சரிங்க, ஐயா களைச்சுப் போயிட்டாரு..." சசிதர் மைக்கை இழுத்தார்.

சாஜிதா மைக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டாள். "இருங்க. அவரு பேசிட்டிருக்கறாரு."

"இ..." என்றார் வஹீது பாய். நெற்றி முழுக்க வேர்வை. "இ... ல்ல."

திரை சிவந்தது. '11. கடுமையான குறைபாடு. தாமதம்: 19 நொடி. உச்சரிப்பு: தெளிவில்லை. மரியாதை: 0. பயிற்சி உடனடியாகத் தேவை.'

எட்டு மாதத்தில் அந்த மனிதர் ஊரார் முன்னால் மனதில் நினைத்ததைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மெஷின் வரலாற்றிலேயே அதுதான் மிகக் குறைந்த மார்க். சாஜிதா கைப்பேசியை எடுத்துத் திரையை நிதானமாகப் படம் பிடித்தாள்.

"உடனடியாத் தேவைன்னு உங்க மெசினே சொல்லிப்போட்டுதுங்க. செவ்வாக்கெழம வாரோம். பூவாத்தாளக்காவும் வருவாங்க. மீதிப்பேரும் வருவாங்க. கேள்விய மனுசங்க கேக்கட்டும், பதிலையும் மனுசங்களே கேக்கட்டும்."

முன்வரிசையில் ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் "கோழிக்குப் பண்ணுனதா?" என்று கேட்டது மைக் இல்லாமலே மேடைக்குக் கேட்டது. அவருக்கு அதை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ரிஃபத் அந்தப் பக்கமாகத்தான் நின்றிருந்தாள்.

வஹீது பாயைக் கைத்தாங்கலாக இறக்கும்போது சசிதர் பின்னாலேயே வந்தார். குரல் தணிந்திருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி."

சாஜிதாவின் தொண்டையில் அந்தச் சொல் தும்மல்போலத் தானாகக் கிளம்பி வந்தது. 'ப'வுக்கு உதடு குவிந்தும்விட்டது. வாயை மூடி, அதை விழுங்கி, ஒரு மூச்சு விட்டாள்.

"தப்பாத்தானுங்க எடுத்துக்கிட்டேன்" என்றாள்.