பன்னிரண்டாவது பள்ளி

தகேமுரா சென்செய் கைகளை உயர்த்தினால், கிரான்பர்ன் மண்டபத்தில் விழுந்து கிடக்கும் பின்னேர வெயிலும் கூடவே எழும்புவதாக எனக்குத் தோன்றும். மாதம் ஒரு தடவை சிட்னியிலிருந்து பறந்து வரும் கராத்தே ஆசிரியர் அவர். ஜப்பானை விட்டு வந்து பதினொரு பள்ளிகளைத் திறந்து, அத்தனைக்கும் மறைந்த தன் குருவின் பெயரையே வைத்தவர். எங்களுடையது பன்னிரண்டாவது ஆக வேண்டும். அதற்கு உள்ளூரில் ஒரு கறுப்புப் பட்டிக்காரர் தேவை. தேறக்கூடியவள் நான் ஒருத்திதான்: ஃபாஹிமா, நாற்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகளின் தாய், வாயும் கொஞ்சம் நீளம்.

ஒரே ஒரு சிக்கல். வகுப்புத் தொடங்கும்போது எல்லாரும் அந்தக் குருவின் படத்துக்குக் குனிந்து வணங்குவார்கள். நான் தொழுகையில் தவிர வேறெங்கும் குனியாதவள். ஆகவே சரியாக அந்த நேரம் பார்த்து என் இடுப்புப் பட்டி அவிழ்ந்துவிடும். ஓரமாய்ப் போய்க் கட்டிக்கொள்வேன். நாலு வருடமாக ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த மடைச்சி நான்.

2013 ஓகஸ்டில் எனக்குக் கறுப்புப் பட்டிப் பரீட்சை வைக்க ஜப்பானிலிருந்து பரிசோதகர் வந்தார். அன்று காலை என் கணவர் அஸ்கர், “தலையை லேசா ஆட்டிட்டு வாங்களேன். உங்கட நிய்யத்து, மனசில உள்ள எண்ணம், அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆசையும் இருந்ததால்தான் அவ்வளவு கோபம். அந்தக் கறுப்புப் பட்டியைக் கனவில் எத்தனையோ தடவை கட்டியிருக்கிறேன்.

பரீட்சையில் ஓரம் போக வழியில்லை. எல்லா முதுகுகளும் மெல்லச் சாய்ந்தன. நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். தண்ணீருக்கடியில் நிற்பதுபோல ஒரு சத்தமும் கேட்கவில்லை. பரிசோதகர் அருகில் வந்து, இன்னொரு சந்தர்ப்பம் தருவதாகச் சொன்னார். குனியாவிட்டால் எனக்குப் பட்டியும் இல்லை, பள்ளிக்கு அந்தக் குருவின் பெயரும் இல்லை.

சென்செயைப் பார்த்தேன். அவர் கெஞ்சினால் குனிந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அவர் எழுந்து வந்தார்.

“நாலு வருடமாகப் பார்க்கிறேன். குனிய வேண்டாம்” என்றார், தன் உடைந்த ஆங்கிலத்தில்.

பட்டி கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வந்தபோது வகுப்பை என்னையே நடத்தச் சொல்லிவிட்டு, அவர் கடைசி வரிசையில் போய் நின்றார். புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி அவரிடம் இந்தப் பள்ளிக்கு என்ன பெயர் என்று கேட்டாள். பெயர் இல்லை என்று சிரித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பார்த்துவிட்டேன். ஓடிப்போய் அந்த மனிதருக்கு முன்னால் குனிய வேண்டும்போல இருந்தது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.