மஞ்சள் வைத்த எக்ஸ்ரே

உத்திராபதிக்கு வந்த எரிச்சலில் எக்ஸ்ரே படம் கிழியாமல் தப்பியதே பெரிய காரியம்.

"புதுசா எது வூட்டுக்குள்ள வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைப்ப, சரி. இதுலயுமா?" என்று மனைவி சம்பூர்ணத்தின் மேல் பாய்ந்தான்.

"உங்க உசுரு இருக்கற படம். வெறுமனேயா வச்சிருக்க முடியும்?" என்றாள் அவள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் அது. குடலிறக்க ஆபரேஷனுக்காக அரியலூரில் மயக்க மருந்து கொடுத்ததும் உத்திராபதியின் இதயம் நின்றுவிட்டது. நெஞ்சில் ஊசி குத்தி, அமுக்கிப் பிசைந்து, எப்படியோ மறுபடி ஓடவைத்தார்கள். பிறகு திருச்சியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர், "இதயம் பெருத்திருக்கு. ஒரு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்து, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும். சுருங்கியிருந்தா ஏர் பிடிக்கலாம். பழைய படம் பத்திரம்" என்றார்.

அந்த ஒரு மாசம் இருக்கிறதே, அது அவனைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஆடி மழையில் ஊரே வரகு விதைக்கிறது. அவன் காடு மட்டும் சும்மா கிடக்கிறது. மாட்டை அவிழ்க்கப் போனால் சம்பூர்ணம் குறுக்கே வந்து நிற்கிறாள். இன்றோடு விடுதலை என்று படத்தை எடுத்தால், நெஞ்சுக்கு நடுவில் வடை அகலத்துக்கு மஞ்சள்.

"டாக்டர் பார்த்தா காறித் துப்புவாரு" என்று கொல்லைக்குக் கொண்டுபோனான். தண்ணீரில் முக்கி, சாம்பலைத் தொட்டு, தேங்காய் நாரால் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தான். மஞ்சள் போய்விட்டது. அப்படியே காகிதத்தில் சுற்றிக்கொண்டு சம்பூர்ணத்தோடு ரயிலேறி, வழியெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தான்.

திருச்சியில் புதுப்படம் எடுத்தாயிற்று. டாக்டர் பழையதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். விலா எலும்பு இருந்தது. இதயம் இருக்கவேண்டிய இடத்தில் வெளியே நின்ற வேப்பமரம் தெரிந்தது. "அதுல மஞ்சள் வச்சிருந்துச்சுங்க..." என்று சம்பூர்ணம் இழுத்தாள்.

"யாரு தேச்சது? இதயத்தோட ஓரம்தானே எனக்கு வேணும். மஞ்சளோட கொண்டாந்திருந்தாக்கூடப் பார்த்திருப்பேனே" என்று சம்பூர்ணத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"தெரியாம தேச்சுப்புட்டேங்க" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

உத்திராபதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "அவ இல்லீங்க. நான்தான்" என்றான்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "புதுசுலயும் பெருசாத்தான் இருக்கு. கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு நான் எதை வச்சுச் சொல்றது? இதுதான் இனிமே முதல் படம். அடுத்த மாசம் வாங்க. அதுவரைக்கும் ஏரைத் தொடக்கூடாது."

அடுத்த மாசம் விதைப்பே முடிந்துவிடும். திரும்பும்போது ரயிலில் அவன் ஜன்னலுக்கு வெளியே அடுத்தவன் விதைத்த காடுகளையே பார்த்துக்கொண்டு வந்தான். புதுப்படத்தைச் சம்பூர்ணம் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இதுக்கு மூலையில மட்டும் வச்சுக்கறேன்" என்றாள்.

"வை" என்றான் உத்திராபதி.