ராக்காயி பெயருக்கு வந்த பிரேக்

இலங்கை மலைநாட்டில் சைக்கிள் கடை வைப்பவனுக்குப் புத்தி மட்டு என்று ராசிக்கின் மாமனாரே ஒருமுறை சொல்லியிருந்தார். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டும், இறக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், இதற்கு நடுவில் மிதிக்க இடம் எங்கே என்பது அவருடைய கேள்வி. ஆனாலும் ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்கு வீதி இறங்கத் தொடங்கும் இடத்தில் ராசிக்கின் கடை பத்து வருடங்களுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. தபால்காரர்களும் வாத்தியார்மாரும் தோட்டத்துக் கிளாக்கர்மாரும் வந்துபோனார்கள்.

இங்கிலாந்துக் கடைகளின் படப் புத்தகங்களைப் பார்த்து சாமான் வரவழைப்பதில்தான் அவருக்கு உண்மையான விருப்பம். கடிதம் போட்டு, பேங்கில் பணம் கட்டி, இரண்டு மூன்று மாதம் காத்திருந்தால் மரச்சுருள் வாசனையோடு ஒரு பெட்டி வந்து சேரும். அந்தப் பெட்டியை உடைக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குப் பிறகு அது தடுமாற ஆரம்பித்தது. முதலில் இறக்குமதித் தீர்வை ஏறியது. அடுத்து, சைக்கிள் சாமான் இறக்க லைசன்ஸ் வேண்டும் என்றார்கள். லைசன்ஸ் கொழும்பிலுள்ள பெரிய கம்பெனிகளுக்குப் போனது. ராசிக்கின் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. பத்திரிகையில் வந்த புதிய விதிகளை வெட்டி எடுத்து, ஆணியில் குத்தி வைத்தார். பழைய விதிகள் அடியில் போயின.

அந்த வருடம் மழை பிடித்த முதல் வாரத்தில் நாகலெட்சுமி விழுந்தாள்.

அவள் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருத்துவிச்சி. இருபத்தாறு வயது. தோட்டத்துச் சனங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். தோட்டத்தின் மூன்று டிவிஷன்களுக்கும் அவள் ஒருத்தியே என்பதால், தன் சம்பளத்தில் ராசிக்கிடம் ஒரு சைக்கிள் வாங்கியிருந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு அவள் மிதிக்கப் பழகியபோது காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் சிரித்தவர்கள், பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள். அன்று பகலில் கீழ் டிவிஷனில் ராக்காயி என்ற தொழிலாளிக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. அங்கே போகும் வழியில், தொழிற்சாலைக்குக் கீழே உள்ள இறக்கத்தில் நாகலெட்சுமி பிரேக்கை அழுத்தினாள். ஈரமான இரும்பு வளையத்தில் ரப்பர்க் கட்டை வழுக்கியதே தவிரப் பிடிக்கவில்லை. வளைவில் சைக்கிள் நேரே போய் வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது.

இடது மணிக்கட்டு வீங்கிப்போக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மிச்சத் தூரத்தை நடந்தே போனாள். ராக்காயியின் மாமியாருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து, ஒற்றைக் கையால் பிள்ளையை எடுத்தாள். பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

பத்து நாள் கழித்து, கையில் கட்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தாள். ராசிக்கை அவள் அண்ணன் முறை வைத்து நானா என்றே கூப்பிடுவாள்.

“நானா, இதுக்கு வேற பிரேக்கு இல்லியா? மழை பேஞ்சா இது சும்மாதான் இருக்கு.”

ராசிக் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். கட்டைகள் புதியவை. கம்பி சரியாக இருந்தது. விற்றவர் பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவருக்கு இடைஞ்சலாக இருந்தது.

“இருக்கு மிஸ்ஸி. சக்கரத்துக்கு நடுவுல ஒரு பானை மாதிரி இருக்கும். அதுக்குள்ளாலதான் பிரேக்குப் புடிக்கும். மழைத்தண்ணி படாது. டிரம் பிரேக்குன்னு சொல்லுவாங்க.”

“அதையே போட்டுருங்களேன்.”

“இங்க இல்ல. கொழும்புலயும் இல்ல. சீமையில இருக்கு.”

பழைய பழக்கத்தில் அன்றே பர்மிங்ஹாமில் ஒரு கடைக்கு எழுதினார். லைசன்ஸ் எண் இல்லாமல் வியாபாரச் சரக்கு அனுப்ப இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஆணியில் குத்தியிருந்த தாள்களை எடுத்து மறுபடி ஒவ்வொன்றாகப் படித்தார். தனி ஆளுக்கு வரும் சிறிய அன்பளிப்புப் பொதிகளுக்கு லைசன்ஸ் வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. அவருடைய தம்பி ரிஸ்வி லண்டனில் ஒரு பண்டகசாலையில் வேலை பார்த்தான். அவன் கடையில் வாங்கி அனுப்பலாம். ஆனால் முழுச் சாமானும் ஒரே பொதியில் வந்தால் அந்த வரம்புக்குள் நிற்காது. மூன்றாகப் பிரித்தால் நிற்கும். பிரித்தால் மூன்று பெயர் வேண்டும்.

நாகலெட்சுமி பெயர்களைக் கொண்டுவந்தாள். சக்கரத்தின் நடுப்பானை வேலாயிக்கு. பிரேக் கைப்பிடியும் கம்பியும் காளியாயிக்கு. கட்டைகள் பொருத்திய தட்டு ராக்காயிக்கு. மூவரும் அவள் கையால் பிள்ளை பெற்றவர்கள்.

“இது களவு இல்லையே?” என்று ராசிக்கின் மனைவி ஸாலிஹா கேட்டாள்.

“சட்டத்துல இருக்கு.”

“சட்டத்துல இருக்கறது வேற. நீங்க ரெண்டு நாளாச் சரியாத் தின்னல்ல. அதுனால கேக்குறேன்.”

ஆனாலும் ராசிக் மூன்று பெயர்களையும் தம்பிக்கு எழுதி அனுப்பினார். தனக்கு வேண்டியதைத் தன் பெயரிலேயே வரவழைத்துப் பழகியவருக்கு அது உறுத்தத்தான் செய்தது.

முதல் பொதி வந்து சேர்ந்தபோது தோட்டமே பேசிக்கொண்டது. சீமையிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பொதி வருவது அதுவரை யாரும் காணாத சங்கதி. வேலாயியின் புருஷன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்கு நடந்து வந்து கடையில் இறக்கினான். இரண்டாவது பொதியும் வந்தது. ராசிக் கடையில் கிடந்த ஒரு பழைய சக்கரத்தைப் பிரித்து, புதிய பானையில் ஆரக்கம்பிகளைக் கோத்து, நேர் பார்த்து, சுவரில் மாட்டி வைத்தார். தட்டு மட்டும் வரவேண்டும்.

தட்டு கப்பலில் வந்துகொண்டிருந்தபோது விதி மாறியது. சைக்கிள் உதிரிப்பாகம் அன்பளிப்பாக வந்தாலும் லைசன்ஸ் வேண்டும். ராசிக் அந்தத் துண்டை வெட்டினார். ஆணியில் குத்தவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, கொழும்பில் பொதி பரிசோதிக்கும் சுங்க அலுவலகத்திலிருந்து ராக்காயிக்கு ஓர் அறிவித்தல் வந்தது. பொதியின் உரியவர் நேரில் வர வேண்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அதை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, கொழும்புக்குப் போனால் அன்றைய பேர் கிடையாது, சம்பளம் வெட்டுத்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். ராக்காயி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ராசிக்கோடு ரயிலேறினாள். அவள் புருஷன் மூக்கனும் கூட வந்தான். அவன் நாவலப்பிட்டியைத் தாண்டியதில்லை. வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தான்.

ரயிலில் ராசிக் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். “யார் அனுப்புனதுன்னு கேப்பாங்க. தெரிஞ்சவங்கன்னு சொல்லு. என்ன சாமான்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லு. அது போதும்.”

“சரிங்க மொதலாளி.”

சுங்க அலுவலக மண்டபத்தில் நீளமான மேசை இருந்தது. உரியவர் மட்டும் முன்னால் வரலாம் என்றதால் ராசிக்கும் மூக்கனும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதிகாரி கண்ணாடி போட்ட சிங்களவர். பொதியைத் திறந்து தட்டை வெளியே எடுத்து வைத்தார். வளைந்த இரண்டு கட்டைகள், ஒரு சிறு வில், பளபளப்பான முகம். ராசிக் பெஞ்சிலிருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். படத்தில் இருந்ததைவிடச் சிறியதாக இருந்தது.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். ராக்காயிக்குக் கடைவீதிச் சிங்களம் தெரியும். இது என்ன, யார் அனுப்பியது என்று கேட்டபோது பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, ரயிலில் படித்த பாடத்தை அப்படியே விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னாள். மாத்தயா, இது எங்கள் மிஸ்ஸியின் சைக்கிளுக்கு. இந்தப் பிள்ளை பிறக்கிற அன்று அவர் கானில் விழுந்தார். கடை முதலாளியின் தம்பி அனுப்பினார். முதலாளி அதோ உட்கார்ந்திருக்கிறார்.

ராசிக் எழுந்து போய் மேசையின் முன்னால் நின்றார். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லாததால் தானும் அதையே சொன்னார். மற்ற இரண்டு பொதிகளையும் சொன்னார். சட்டைப்பையில் இருந்த துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

அதிகாரி அதை வாசிக்கவில்லை. அவருக்கு அது தெரியும். முதல் இரண்டும் அப்போதைய விதிக்குள் வந்தவை, அவற்றைப் பற்றித் தனக்குப் பேச்சில்லை என்றார். இது பிந்தி வந்தது, லைசன்ஸ் இல்லாமல் கொடுக்க முடியாது. இந்தப் பெண் தெரியாது என்று சொல்லியிருந்தால் பொய் வாக்குமூலம் என்று தண்டம் எழுத வேண்டி வந்திருக்கும். இப்போது சாமானை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

“பிறகு இதை என்ன செய்வீங்க?” என்று ராசிக் கேட்டார்.

“மூன்று மாதம் வைத்திருப்போம். பிறகு அரசாங்கம் ஏலத்தில் விற்கும். ஏலத்தில் வாங்க லைசன்ஸ் தேவையில்லை. யாரும் வாங்கலாம்.” விதியைச் சொல்லும் குரலிலேயே இதையும் சொல்லிவிட்டு அடுத்த பொதியை எடுத்தார்.

வெளியே வந்ததும் ராக்காயி, “கோவமா மொதலாளி?” என்றாள்.

“இல்ல.”

“பிள்ளைய வச்சுக்கிட்டுப் பொய் சொல்ல வாய் வரல.”

“நான்தான் சொல்லச் சொன்னேன். நீ சொல்லாம விட்டது நல்லது.” அவர் மூவருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். திரும்பும் ரயிலில் இரண்டு நாளாக இல்லாத தூக்கம் அவருக்கு வந்தது.

அந்த மூன்று மாதமும் மழை. நாகலெட்சுமி ஏற்றத்திலும் தள்ளினாள், இறக்கத்திலும் தள்ளினாள். ஒருமுறை மேல் டிவிஷனுக்கு அவள் போய்ச் சேருமுன் பிள்ளை பிறந்துவிட்டது. நல்லவேளையாகச் சுகப் பிரசவம். அதைக் கடையில் வந்து சொன்னபோது அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ராசிக் ஏலத் தேதிக்காகப் பத்திரிகையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலம் கொழும்புத் துறைமுகத்துப் பக்கம் ஒரு பண்டகசாலையில் நடந்தது. தட்டு தனியாக விற்கப்படவில்லை. ஒரு மேசைமின்விசிறி, ஒரு கட்டுக் குடைக்கம்பி, விளையாட்டு ஊதுகுழல் ஒரு பெட்டி, இவற்றோடு ஒரே குவியலாக இருந்தது. பொதியில் ராக்காயியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இன்னும் ஒட்டியிருந்தன. புறக்கோட்டைப் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் விசிறிக்காக விலை கேட்டார். ராசிக் கூட்டினார். அவரும் கூட்டினார். ராசிக் விசிறியைப் பார்க்கவே இல்லை என்பதை வியாபாரி சற்று நேரத்தில் கவனித்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்றார்.

“ஒங்களுக்கு எது வேணும்?”

மறைத்தால் என்ன ஆகும் என்பதைச் சுங்க மண்டபத்திலேயே ராசிக் கண்டிருந்தார். “அந்தத் தட்டு. சைக்கிள் பிரேக்கு.”

“எனக்கு விசிறி. சும்மா ஏன் வெலைய ஏத்திக்கிட்டு? நீங்க எடுங்க. வெளியில வச்சு நான் விசிறியையும் கம்பியையும் ஒங்கக்கிட்ட வாங்கிக்கிறேன்.”

அப்படியே நடந்தது. ஊதுகுழல் பெட்டியை மட்டும் வியாபாரி எவ்வளவு சொல்லியும் வாங்க மறுத்துவிட்டார். ராசிக் அதையும் சுமந்துகொண்டு ஹட்டனில் இறங்கினார். “பிரேக்கு வாங்கப் போனீங்களா, பீப்பி வாங்கப் போனீங்களா?” என்றாள் ஸாலிஹா. அடுத்த சனிக்கிழமை வேலாயி, காளியாயி, ராக்காயி வீடுகளுக்கு அந்தப் பெட்டி போனது. இரண்டு நாளில் லயத்துச் சனங்கள் நாகலெட்சுமியிடம் முறையிட்டார்கள்.

தட்டைப் பொருத்த அரை நாள் ஆயிற்று. நாகலெட்சுமி வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ராசிக் தானே முதலில் ஓட்டிப் பார்க்க நினைத்தார். அவள் கைப்பிடியை விடவில்லை.

“விழுந்தது நான்தானே நானா. நானே பாக்குறேன்.”

அவள் டிக்கோயா இறக்கத்தில் போனாள். முதல் வளைவில் எதிரே பஸ் வரும் சத்தம் கேட்டது. வளைவுக்கு அப்பால் கடையிலிருந்து தெரியாது. பஸ் ஏறி வந்து, கடையைத் தாண்டி, சந்தைப் பக்கம் போனது. ராசிக் கையிலிருந்த துணியால் துடைத்த திருகுசாவியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸாலிஹா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெகுநேரம் கழித்து நாகலெட்சுமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தாள். நனைந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

“பாலம் வரைக்கும் போனேன். நல்லாப் புடிக்குது. கொஞ்சம் கூடுதலாவே புடிக்குது, ஆளத் தூக்குது.”

ராசிக் குனிந்து கம்பியைச் சற்றுத் தளர்த்தினார். அவள் ஒருமுறை அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மேல் டிவிஷனில் ஒருத்திக்கு நாள் நெருங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டு, பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.